துகளும் தூசியும்

என் வீட்டுக்காரர் தொடங்குகிற வாக்கியத்தை நான் முடித்துவைப்பது எங்களுக்குள் இருபத்தெட்டு வருடப் பழக்கம். "இன்னைக்கு சாயங்காலம்..." என்று அவர் இழுத்தால், "கோயிலுக்குத்தானே, போவோம்" என்பேன். அவர் சொல்ல வந்தது கடைக்குச் சரக்கு வருகிற விஷயமாக இருக்கும். இருந்தாலும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "சரி, கோயிலுக்குப் போவோம்" என்பார். நான் தமிழாசிரியை. வகுப்பில் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும்போது விடையை எடுத்துக் கொடுத்தே பழகிய வாய். வீட்டுக்கு வந்தாலும் அது சும்மா இருக்காது. அவர் மெதுவாகப் பேசுகிறவர், நான் பொறுமை இல்லாதவள். குடும்பம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனி மாதச் சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில், அவர் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்து, "ஆறு" என்றார்.

"ஆறிட்டா? தாங்க, சூடு பண்ணித் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன். செய்தித்தாளைக் காட்டி, "ஆறு" என்றார். ஜன்னலைக் காட்டி, "ஆறு" என்றார். அப்போதும் நான், மலையில் மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்திருப்பதைச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். வலது கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

மூளைக்குப் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஒரு வாரத்தில் கை திரும்பி வந்துவிட்டது. சொற்கள் வரவில்லை. நாள் ஒன்றுக்கு நாலு சொல், ஐந்து சொல் தலைகாட்டும். அதிலும் பாதி, வீடு மாறி வந்த சொல்லாக இருக்கும். உப்புக்குச் சாவி என்பார். நாற்காலிக்கு மழை என்பார். சொல்லி முடித்ததும் அது தப்பென்று அவருக்கே தெரிந்துவிடும், லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வார்.

அந்த மூன்று வாரங்களும் எனக்கு ஒரு நீண்ட மத்தியானத் தூக்கம் மாதிரிதான் நினைவிருக்கின்றன. வெயிலும் சாரலும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. காற்று ஓயாமல் வீசியது. கொடியில் போட்ட துணி காய்வதும் நனைவதுமாக இருந்தது. பேச்சு இல்லாத வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூட யாரோ அடுத்த அறையில் நடப்பது போலக் கேட்கும். நாங்கள் கண்ணால் பேசக் கற்றுக்கொண்டோம். அவர் சோற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தால் மோர் வேண்டும். வாசலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தால் நடந்துவிட்டு வரவேண்டும். பேசிக்கொண்டிருந்த காலத்தில் நான் அவரை இவ்வளவு பார்த்ததில்லை. சர்க்கரையால் அவருடைய இடது கண்ணில் பார்வை மங்கிப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. வலது கண்தான் நல்ல கண். சொல் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு கண்தான் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாம் வாரம் மருத்துவர், "எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்துட்டு வாங்க, இன்னும் தெளிவாப் பாக்கணும்" என்று எழுதிக்கொடுத்தார். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். ஆட்டோவில் போய் இறங்கும்போது முற்பகல். உள்ளே குளிரூட்டிய கூடம். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு சுவருக்கு அப்பால் டக் டக் டக்கென்று ஒரு தட்டல் தொடங்கும், நிற்கும், பிறகு வேறு தாளத்தில் தொடங்கும். உட்கார்ந்திருந்த எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருப்பவர்கள் போல இருந்தார்கள். எனக்கும் கண்ணைச் சொக்கியது.

ஸ்கேன் எடுக்கும் பெண் வெளியே வந்து என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். நாற்பது வயதிருக்கும், நீல உடுப்பு, தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி. "படிச்சுப் பாத்து ஆமா, இல்லைன்னு போடுங்க. கையெழுத்து வேணும்" என்றாள்.

தாளில் பதினைந்து பதினாறு கேள்விகள். முதல் வரியிலேயே 'உலோகம்' என்பதை 'உலேகம்' என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். என் கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். முதலில் அதைத் திருத்தினேன். 'அறுவைச் சிகிச்சை'யில் ஒற்று விட்டுப் போயிருந்தது, அதையும் போட்டேன். அப்புறம்தான் விடைகள். இதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா, இல்லை. எலும்பில் கம்பி, தகடு, இல்லை. காது கேட்கும் கருவி, இல்லை. உடம்பில் துப்பாக்கிக் குண்டு உள்ளதா என்று ஒரு கேள்வி. அவர் பக்கம் திரும்பி, "நீங்க எந்தச் சண்டைக்குப் போனீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அடுத்தது, 'கண்ணில் உலோகத் துகள் புகுந்ததுண்டா?' நல்ல தமிழ் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். யாரோ படித்தவர் எழுதியிருக்கிறார், அச்சடித்தவன்தான் கெடுத்திருக்கிறான். இல்லை என்று போட்டேன். தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினேன். பம்புசெட் உதிரிபாகக் கடை, இருபது வருடமாக. எல்லாவற்றுக்கும் நானே விடை எழுதி, கையெழுத்தும் நானே போட்டேன். அவரிடம் ஒரு கேள்வியைக்கூட வாசித்துக் காட்டவில்லை. இப்போது அந்தத் தாளை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்புத் திருத்தங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்றாள். "தமிழ்" என்றேன்.

"சரிதான். உள்ள இருக்குறது பெரிய காந்தம், டீச்சர். சத்தம் நின்னுட்டுன்னா அணைச்சாச்சுன்னு நெனச்சிராதீங்க. நாங்க பூட்டிட்டு வீட்டுக்குப் போனாலும் அது முழிச்சுதான் இருக்கும். வெளியில இருக்குற இரும்பு பறந்து போயி ஒட்டிக்கிடும். உடம்புக்குள்ள இருந்தா உள்ளுக்குள்ளயே நகரும். கண்ணுல ஒரு பொட்டு இருந்தாக்கூடப் போதும், பார்வை போயிரும். அதான் இவ்வளவு கேக்குதோம். எல்லாம் நல்லா யோசிச்சுத்தான போட்டீங்க?"

"எனக்குத் தெரியாம அவுக உடம்புல என்ன இருக்கப்போவுது?" என்றேன். சொன்ன தோரணை எனக்கே இன்னும் காதில் ஒலிக்கிறது.

அவரால் உள்ளேயிருந்து கூப்பிட்டுச் சொல்ல முடியாது என்பதால், நானும் கூட வந்து அந்த அறையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றாள். ஆனால் என்னிடமும் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினாள். அவருடைய பெல்ட், கைக்கடிகாரம், மோதிரம், அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்து, எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. பிறகு என் முறை. வளையல், தோடு, கொண்டை ஊசி. தாலிச் சங்கிலி வந்தபோது என் கை தயங்கியது. இந்த விஷயங்களில் எல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது என்று பள்ளியில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். ஆனால் கை கேட்கவில்லை.

"தங்கத்தைக் காந்தம் இழுக்காதே" என்றேன்.

"தங்கத்தை இழுக்காது டீச்சர். அதுல மாட்டியிருக்குற ஊக்கை இழுக்கும்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். சங்கிலியில் ஐந்து ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. சேலைக்கு ஒன்று, யாருக்காவது அவசரத்துக்கு ஒன்று என்று மாட்டிவைத்தவை, கழற்ற மறந்தவை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சத்தம் வராமல் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. அவரே என் பின்னால் வந்து நின்று கொக்கியைக் கழற்றினார். மூன்று வாரத்துக்கு முன்னால் தம்ளரை நழுவவிட்ட விரல்கள், மெல்லக் கழற்றித் தட்டில் வைத்தன. மெட்டிதான் சண்டித்தனம் பண்ணியது. குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டு உருவினேன். திரும்பி வரும்போது கால் விரல்கள் வேறு யாருடையவோ போலத் தரையில் கூசின. நாங்கள் இருவரும் உடம்பில் ஒரு குந்துமணி உலோகம்கூட இல்லாமல், தொளதொளவென்று அவர்கள் கொடுத்த பச்சை உடுப்பில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். உடம்பு இலேசாகி நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை மேலே மிதப்பது போல இருந்தது.

எங்களுக்கு முன்னால் ஒருவர் உள்ளே இருந்தார். சுவருக்கு அப்பால் தட்டல் மறுபடி தொடங்கியது. முதலில் டக் டக். பிறகு நீளமாக ஒரு ரீங்காரம். பிறகு இரும்பை இரும்பால் அடிப்பது போல ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்கிறவர் போல முகம். கண் எங்கோ தூரத்தில் இருந்தது. பயப்படுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தூசி" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே மின்விசிறியின் இறக்கைகளில் தூசி படிந்து கறுத்திருந்தது. "ஆமா, ஃபேனைத் தொடச்சு ஒரு வருஷம் இருக்கும் போலுக்கு" என்றேன். சரியான இடத்தில் சரியான சொல் வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "தூசி" என்றார் மறுபடியும். கை முகத்தருகே போனது. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதாக்கும் என்று நான் முந்தானையை எடுக்கப் போனேன். முந்தானை இல்லை, பச்சை உடுப்புதான் இருந்தது. அதன் ஓரத்தால் அவர் முகத்தைத் துடைத்தேன். நெற்றி, கன்னம், கண்ணிமை எல்லாம். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டு, "சரியாப் போச்சா?" என்று கேட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் மோர் என்றோ வாசல் என்றோ மொழிபெயர்க்க முடியவில்லை. தாகமாக இருக்கும் என்று முடிவுகட்டி, "ஸ்கேன் முடிஞ்சதும் தண்ணி குடிப்போம்" என்றேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். குறுகலான ஒரு நடை, அதன் முடிவில் கனத்த கதவு. கதவில் சிவப்பு எழுத்துகள். திறந்ததும் உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் தொட்டது. வெள்ளை வளையமும் அதற்குள் நீளும் படுக்கையும் தெரிந்தன. எல்லாம் அவ்வளவு வெண்மையாக, அவ்வளவு அமைதியாக இருந்தது. கனவில் வருகிற அறைகளுக்குத்தான் அப்படி நிழல் இருக்காது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பைய வாங்க. ஒண்ணும் செய்யாது. நான் இருக்கேன்லா" என்று முதுகில் கை வைத்தேன். அவர் அசையவில்லை. நான் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்ற கூச்சம் எனக்கு.

"பயமா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பயம்தான். இவுகளுக்குச் சின்ன வயசுலயிருந்தே பூட்டுன ரூமுன்னா ஆகாது" என்று நான் பதில் சொன்னேன்.

"தூசி" என்றார் அவர். நிலையைப் பிடித்திருந்த கையை விட்டு, ஒரு விரலை எடுத்து வலது கண்ணின் ஓரத்தில் வைத்தார்.

"என்ன சொல்லுதாக?"

"ஃபேன்ல தூசி இருந்துச்சு, அதைச் சொல்லுதாக. அப்பமே பிடிச்சு இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காக. மூணு வாரமா சொல் எல்லாம் குழம்பிப் போயிட்டு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய விரல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்திய சத்தம் மெத்தென்று கேட்டது.

"அண்ணாச்சி என்ன வேலை பாத்தாக?"

"கடை. அதான் எழுதியிருக்கேனே."

"கடைக்கு முன்னால, டீச்சர்?"

எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. வராததற்குக் காரணம் மறதி இல்லை, என் பவிசு. அவர் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, ஒரு காலத்தில் நிலபுலம் பார்த்தவர்கள், அப்புறம் உத்தியோகம் பார்த்தவர்கள். எண்ணெயும் கரியுமாக இரும்பு கடைகிற வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட 'தனியார் நிறுவனம்' என்றுதான் போட்டார்கள். கடை வைத்த பிறகு நான் பழையதை யாரிடமும் பேசுவதில்லை. பேசாமல் இருந்து இருந்து, என் தலையிலிருந்தும் அது போய்விட்டது போல.

"பேட்டையில, லேத்துல" என்றேன். "பதினோரு வருஷம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கும் பேட்டைதான் டீச்சர். எங்க வாப்பாவும் லேத்துலதான் இருந்தாக. கடையும்போது இரும்புப் பிசிறு தெறிச்சுக் கண்ணுல விழும்லா, அதை அங்கன யாரும் பிசிறுன்னு சொல்லமாட்டாக. 'இன்னைக்குக் கண்ணுல தூசி விழுந்திட்டு' அப்டின்னுதான் சொல்லுவாக. தெருத்தூசி மாதிரி. வீட்டுல பயந்திரக்கூடாதுன்னு."

நான் அந்த நடையில் சுவரோடு சாய்ந்துகொண்டேன். உலோகத் துகள் என்று தாளில் படித்தபோது மெச்சிக்கொண்ட தமிழாசிரியைக்குத் தூசி என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. அவர் மூன்று முறை சொன்னார். முதல்முறை ஃபேன் என்றேன். இரண்டாம் முறை முகத்தைத் துடைத்தேன். பிறகு முதுகைப் பிடித்துத் தள்ளினேன். மூன்றாம் முறை சொல் குழம்பிவிட்டது என்றேன்.

"எப்பமாச்சும் அப்படி விழுந்ததா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அந்தக் குளிர் நடையில் வெறுங்காலோடு நின்றபோது, அது முழுசாக என் முன்னால் வந்தது. பேட்டையில் ஒற்றை அறை வீடு, ஓட்டுக் கூரை, உச்சி வெயில். மகள் பிறந்து மூன்று மாதம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர் வந்து வாசலில் நிற்கிறார், வலது கண் செக்கச்செவேலென்று இருக்கிறது, தண்ணீராய் வழிகிறது. "ஒண்ணுமில்ல, தூசி விழுந்திட்டு" என்கிறார். கண்ணில் எது விழுந்தாலும் தாய்ப்பால் விட்டால் வந்துவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நான் அவரைத் தரையில் படுக்கச் சொல்லித் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஓட்டின் இடுக்கு வழியாக ஒரு வெயில் கீற்று அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. நான் குனிந்து பாலைப் பீய்ச்சினேன். கண்ணை இமைத்தார். கன்னத்தில் வெள்ளையாக வழிந்து காதுக்குள் போனது. தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. இன்னொரு தடவை விட்டேன். மூன்றாவது தடவை குனிந்தபோது என் தோளைப் பிடித்து நிறுத்தி, "போயிட்டு, தூசி போயிட்டு" என்றார். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்தது. அவருடைய கண்ணைக் காப்பாற்றினது என் பால் என்று யாரிடமும் சொல்லாத ஒரு பெருமை எனக்கு இத்தனை வருடமும் இருந்தது.

அவளிடம் அதைச் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க உம்மாவும் வாப்பாவுக்கு விட்டிருக்காக" என்றாள். "ஆனா அது தெருத்தூசிக்குத்தான் டீச்சர் ஆகும். சுட்டுக்கிட்டுப் போயி உள்ள எறங்குனதுக்கு ஆகாது. சரி, அண்ணாச்சிக்கிட்டயே கேப்போம்."

அவர் முன்னால் போய் நின்று, நிதானமாகக் கேட்டாள். "அண்ணாச்சி, அன்னைக்கு அந்தத் தூசி போயிட்டா?"

'போயிட்டு' என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. இருபத்தெட்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா. அவள் திரும்பாமலே கையை நீட்டி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் தொண்டை அசைந்தது. உதடு ஒரு வடிவத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. கூடத்தில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். வேறு எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. அவ்வளவு நீளமான மௌனத்தை நான் அவருக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.

"போகல" என்றார்.

ஸ்கேனை நிறுத்திவிட்டு அடுத்த அறையில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். அவருடைய மண்டை ஓட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பஞ்சுப் பொதி போன்ற வெண்மைக்குள் இரண்டு பெரிய இருண்ட குழிகள். வலது குழியில், உட்பக்கமாக, ஒரு வெள்ளைப் புள்ளி. நான் தாளில் வைக்கிற முற்றுப்புள்ளி அளவுகூட இல்லை. ஆனால் அந்தப் படத்திலேயே அதுதான் பளிச்சென்று இருந்தது. இருபத்தேழு வருடம் அந்தக் கண்ணுக்குள் அதை வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்திருக்கிறார்.

அங்கிருந்த மருத்துவர் வந்து பார்த்தார். இத்தனை வருடம் அடங்கிக் கிடந்துவிட்டது, கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் அப்படியே விட்டுவிடலாம் என்றார். மூளையை வேறு விதமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கதவுக்குள் மட்டும் இவர் இனி எப்போதும் போகக்கூடாது. "உள்ள படுத்திருந்தா?" என்று கேட்டேன். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, "படுக்கலையே, விடுங்கம்மா" என்றார். அந்த அறைக்குள் அவருக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். அப்போது அந்தப் புள்ளி நகர்ந்திருக்கும். வெளியே வந்து அவர் என்னைப் பார்க்கையில் முகம் தெரிந்திருக்காது.

ஸ்கேன் எடுக்கும் பெண் அந்தத் தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கண்ணில் உலோகத் துகள் என்ற கேள்விக்கு நேரே 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதினேன். சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது. தொழில் என்ற இடத்தில் வியாபாரத்துக்கு முன்னால் லேத் என்று எழுதினேன். அவளுக்கு நன்றி சொல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஒண்ணும் செய்யல டீச்சர், அண்ணாச்சிதான் சொன்னாக" என்றாள்.

ஆட்டோவில் திரும்பினோம். சாரல் நின்று வெயில் அடித்தது. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று இருபுறமும் வந்து மோதியது. கீழே தண்ணீர் கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குள் கிடந்தது கோபமா, துக்கமா, அன்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு எதுக்குத் தூசி போயிட்டுன்னு சொன்னீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லியிருப்பார், என் பெருமையைக் கெடுக்கவேண்டாம் என்று சொல்லியிருப்பார். வேறென்ன காரணம் இருக்க முடியும். சொல்லி முடித்துவிட்டால் அவருக்கும் சிரமமில்லை, ஒரு தலையசைப்போடு போய்விடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பாலம் முடிந்தது. சந்திப்பின் நெரிசலில் ஆட்டோ நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. அவர் உதடுகள் தேடிக்கொண்டே இருந்தன. டவுனுக்குத் திரும்பும் வளைவில்தான் அந்தச் சொல் வந்தது.

"பிள்ளைக்கு" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அந்த மாதம் எனக்குப் பால் சரியாக ஊறவில்லை. ஒரு வேளைக்குப் போதும் போதாததுமாக இருந்தது. மூன்றாவது தடவை நான் குனிந்தபோது தொட்டிலில் பிள்ளை பசித்துத்தான் அழுதிருக்கிறது. நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கண்ணால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.